எண்ணிக்கை கேட்ட நீதிபதி: டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி உச்ச நீதிமன்றம் போன கதை

112 விசாரணை மன்றங்கள். ஆறு மாதம். விசாரிக்கப்பட்டவர்கள் சுமார் 74,000 பேர். அதில் 64,000 பேருக்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று முடிவாயிற்று. அடைத்து வைக்கப்பட்டவர்கள் 2,000 பேர்தான்.

1944 டிசம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன கொரமாட்சு வழக்குத் தீர்ப்பில், பெரும்பான்மையோடு சேராமல் தனியாக எழுதிய ஒரு நீதிபதியின் அடிக்குறிப்பில் உள்ள எண்கள் இவை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டன் தன் மண்ணில் இருந்த ஜெர்மானியர்களையும் ஆஸ்திரியர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்த கணக்கு அது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதுதான் அந்த நீதிபதியின் கேள்வி. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை, ஒருவரைக்கூட விசாரிக்காமல், குழந்தைகள் முதியவர்கள் என்று பாராமல், ராணுவம் அப்புறப்படுத்தியிருந்தது. தனித்தனியாக விசாரிக்க நேரமில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம்.

அந்த நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி. அதற்குப் பதினான்கு வருடம் முன்னால் டெட்ராய்ட் நகரத்தின் மேயர்.

சட்டக் கல்லூரி வட்டாரத்தில் மர்ஃபிக்கு மரியாதை குறைவு. இதயத்தால் தீர்ப்பு எழுதுகிறவர், சட்ட நுணுக்கம் போதாதவர் என்று அவர் காலத்திலேயே பேசினார்கள். கருணைக்கு ஆங்கிலத்தில் ‘மெர்சி’ என்று பெயர். அந்த ஓசையை வைத்து, உச்ச நீதிமன்றம் நீதியோடு ‘மர்ஃபி’யைக் கலக்கிறது என்று ஒரு கேலி ஊரெல்லாம் சுற்றியது. அவருடைய தீர்ப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அவற்றில் சிறந்தவை உணர்ச்சியில் பிறந்தவை அல்ல. எத்தனை பேர், எத்தனை நாள், யார் சரிபார்த்தது என்று கேட்டுப் பழகிய ஒரு நகர நிர்வாகியின் கணக்கில் பிறந்தவை. அந்தப் பழக்கம் அவருக்கு எங்கே வந்தது, எங்கே கைவிட்டது, எப்படித் திரும்பி வந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

கார்லண்ட் அவென்யூ வீடு

மர்ஃபி 1890 ஏப்ரல் 13 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஹியூரான் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இன்று அதன் பெயர் ஹார்பர் பீச். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா வக்கீல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1914-இல் சட்டம் முடித்தார். முதல் உலகப் போரில் ராணுவப் பணி, பிறகு லண்டனிலும் டப்ளினிலும் சில காலம் படிப்பு, ஊர் திரும்பி உதவி அரசு வக்கீல் வேலை. 1923-இல் டெட்ராய்ட்டின் குற்றவியல் நீதிமன்றமான ரெக்கார்டர் கோர்ட்டுக்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அந்தப் பதவிக்கும் மக்கள்தான் ஓட்டுப் போடுவார்கள்.

1925 செப்டம்பரில் ஒசியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர், வெள்ளையர்கள் வாழும் கார்லண்ட் அவென்யூவில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனார். அடுத்த நாள் இரவு வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கல் பறந்தது. வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் இறந்தார். வீட்டுக்குள் இருந்த டாக்டர், அவர் மனைவி, தம்பிகள், நண்பர்கள் என்று பதினொரு பேர் மீதும் கொலை வழக்கு. வாக்காளர் பலம் முழுக்க வெள்ளையர்களிடம் இருந்த, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு செல்வாக்கோடு திரிந்த நகரத்தில், தேர்தலில் நிற்க வேண்டிய ஒரு நீதிபதி இந்த வழக்கைத் தொடவே தயங்கியிருக்கலாம். மர்ஃபி தானே எடுத்துக்கொண்டார். டாக்டரின் மனைவிக்கு ஜாமீன் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புக்கு வாதாட வந்தவர் புகழ்பெற்ற வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளையர்கள். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை. இரண்டாவது விசாரணை டாக்டரின் தம்பி ஹென்றி மீது மட்டும் நடந்து, 1926 மே மாதம் விடுதலையில் முடிந்தது. வீடு அவரவர் கோட்டை என்ற பழைய சட்டவிதி கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒன்றே என்று மர்ஃபி ஜூரிக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் மீதிருந்த வழக்கும் பின்னால் கைவிடப்பட்டது.

இந்த வழக்கு அவருக்கு நகரத்தின் கறுப்பின மக்களிடம் பெயர் வாங்கித் தந்தது. நான்கு வருடம் கழித்து அந்த ஓட்டுகள் திரும்பி வந்தன.

மேயர் அறையில் நிரம்பிய பட்டியல்

1930 ஜூலையில் டெட்ராய்ட் மக்கள் தங்கள் மேயர் சார்லஸ் பவுல்ஸை வாக்கெடுப்பு நடத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிந்த இரவே, மேயரைத் தாக்கிப் பேசிவந்த ஒரு வானொலிப் பேச்சாளர் ஓட்டல் முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நீதிபதி பதவியை விட்டுவிட்டு மர்ஃபி தேர்தலில் குதித்தார். ‘புது விடியலின் பனித்துளியும் வெயிலும்’ கொண்டுவருவேன் என்பது அவர் பேச்சு. பத்திரிகைகள் அதைக் கிண்டல் செய்தன. செப்டம்பரில் ஜெயித்துவிட்டார்.

அன்றைய டெட்ராய்ட் சுமார் 15 லட்சத்து 68 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். ஒரே தொழில், கார். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு கார் வாங்க ஆளில்லை. ஆலைகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பின. அன்று மத்திய அரசில் வேலையில்லாதவருக்கு உதவித்தொகை கிடையாது, மாநிலமும் கைகொடுக்கவில்லை. பசி நகராட்சி வாசலுக்குத்தான் வந்து நின்றது.

மர்ஃபி முதலில் செய்தது கணக்கெடுப்பு. மேயரின் வேலையின்மைக் குழு ஒன்றை அமைத்து, வேலையில்லாதவர்களைப் பெயர் பதிய வைத்தார். அதுவரை ‘நிலைமை அவ்வளவு மோசமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் காட்ட அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியல் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்: மூடிக் கிடந்த ஆலைக் கட்டடங்களைத் தங்குமிடமாக மாற்றி வீடில்லாத ஆண்களைப் படுக்க வைத்தார்கள், 1931-இல் காலி மனைகளை உழுது, விதை கொடுத்து, வேலையில்லாத குடும்பங்களைக் காய்கறி போடச் செய்தார்கள்.

பணம்தான் இல்லை. இதில் ஃபோர்டு நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறு கவனிக்க வேண்டியது. ஃபோர்டின் பெரிய ஆலை ரூஜ் ஆற்றங்கரையில், டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்ன் நகர எல்லைக்குள் இருந்தது. அதற்கு முந்தைய ஹைலண்ட் பார்க் ஆலையும் தனி நகராட்சியில்தான். ஆலையின் வரி அந்த ஊர்களுக்குப் போகும். வேலையிழந்த தொழிலாளியோ குடியிருப்பது டெட்ராய்ட்டில். அவனுக்குச் சோறு டெட்ராய்ட் போட வேண்டும். மர்ஃபி இதை வெளிப்படையாகவே சொன்னார்; ஃபோர்டு தரப்பு மறுத்தது.

அதே எல்லைக்கோடு 1932 மார்ச் 7 அன்று இரத்தம் பார்த்தது. வேலையிழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடும் குளிரில் டெட்ராய்ட்டிலிருந்து ஃபோர்டு ஆலைக்கு ஊர்வலம் புறப்பட்டார்கள். ஏற்பாட்டில் கம்யூனிஸ்டுகள் முன்னால் நின்றார்கள். டெட்ராய்ட் மாநகராட்சி அனுமதி கொடுத்தது. நகர போலீஸ் கூடவே வந்தது. எல்லை வரை ஒரு அசம்பாவிதமும் இல்லை. எல்லையைத் தாண்டியதும் டியர்பார்ன் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. பதிலுக்குக் கல். பிறகு உறைபனிக் குளிரில் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர். பிறகு போலீஸும் ஆலைக் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பின்னால் இறந்தார். ஊர்வலம் ஒன்றுதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊர்வலம் போகிறவர்கள், அந்தப் பக்கம் கலகக்காரர்கள். எட்டு வருடம் கழித்து, மறியல் செய்வதே குற்றம் என்று சொன்ன அலபாமா மாநிலச் சட்டத்தை அடித்துத் தீர்ப்பு எழுதியவர் இந்த நாளைப் பார்த்தவர்.

மர்ஃபியின் மேயர் காலத்தை வெற்றிக் கதையாக எழுத என்னால் முடியாது. நியூயார்க் வங்கிகளின் கடன் கழுத்தை நெரித்தது. செலவைக் குறை என்று நெருக்கினார்கள். நிவாரணப் பட்டியலிலிருந்து பல ஆயிரம் குடும்பங்கள் நீக்கப்பட்டன. அந்த நீக்கமும் இதே மேயரின் ஆட்சியில்தான் நடந்தது. 1933 பிப்ரவரியில் மிச்சிகன் வங்கிகள் மொத்தமாக மூடப்பட்டபோது நகரம் கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. ஊழியர்களுக்குச் சம்பளமாகக் காகிதச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். தன்னால் தாங்க முடியாத சுமை இது என்று புரிந்துகொண்ட மர்ஃபி, 1932 ஜூனில் மற்ற பெருநகர மேயர்களை டெட்ராய்ட்டுக்குக் கூப்பிட்டார். வாஷிங்டன் நேரடியாக நகரங்களுக்கு உதவ வேண்டும் என்ற கோரிக்கை ஒரே குரலில் எழுந்தது அங்கேதான். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த அமெரிக்க மேயர்கள் மாநாடு என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது. அதன் முதல் தலைவர் மர்ஃபி.

மணிலாவும் ஃபிளிண்ட்டும்

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானதும் 1933-இல் மர்ஃபியைப் பிலிப்பைன்ஸுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார். அந்தப் பதவியில் கடைசி ஆள் அவர்தான். 1935-இல் அந்நாடு சுயாட்சி பெற்றதும் ஹை கமிஷனர் ஆனார். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் மசோதாவில் 1933 டிசம்பரில் கையெழுத்திட்டவர் அவர். மணிலாவில் வாழ்ந்த அந்த மூன்று வருடம் பின்னால் ஒரு தீர்ப்பில் திரும்பி வரும்.

1936-இல் மிச்சிகன் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். பதவியேற்க இரண்டு நாள் இருக்கும்போது, டிசம்பர் 30 அன்று, ஃபிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் தொழிலாளர்கள் இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளிருப்பு வேலைநிறுத்தம். வெளியேறச் சொல்லி உள்ளூர் நீதிபதி ஒருவர் தடையாணை போட்டார். அவரிடமே ஜெனரல் மோட்டார்ஸின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தது தெரியவந்து அந்த ஆணை செல்லாக்காசாயிற்று. ஜனவரி 11 இரவு போலீஸ் உள்ளே நுழையப் பார்த்துத் துப்பாக்கி, கல், தண்ணீர் என்று பெரும் மோதல். மர்ஃபி நேஷனல் கார்டு படையை அனுப்பினார். ஆனால் படைக்குக் கொடுத்த வேலை யாரையும் வெளியேற்றுவது அல்ல. இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளாமல் நடுவே நிற்பது.

பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது நீதிமன்ற ஆணை வந்தது. இதில் பங்குச் சிக்கல் எதுவும் இல்லை. சட்டப்படி சரியான ஆணை. நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு ஷெரிஃபுக்கும், அவருக்குத் துணைபோக வேண்டிய பொறுப்பு கவர்னருக்கும் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று ஷெரிஃபைக் கேட்டுக்கொண்டார் மர்ஃபி. இராப்பகலாகப் பேச்சுவார்த்தை. சட்டம் நிறைவேறியாக வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸுக்கும் கடிதம் எழுதி வாசித்துக் காட்டினார். பிப்ரவரி 11 அன்று, 44-ஆவது நாளில், நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆலைக்குள் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நீதிமன்ற ஆணையைத் தள்ளிப்போட்ட ஒரு நிர்வாகி பின்னாளில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் உட்காருகிறார். அவருடைய எதிரிகள் இதை விடவில்லை. 1938 தேர்தலின்போது நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்றின் முன்னால் அவரைத் துரோகி அளவுக்குப் பேசினார்கள், அவர் தோற்கவும் செய்தார். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் செய்தது சட்டத்துக்கு நல்லதல்ல. வேறொரு கவர்னர், வேறொரு காரணத்துக்காக, இதையே முன்னுதாரணமாகக் காட்டலாம். ஆனால் அன்று வேறு எதைச் செய்திருந்தாலும் ஃபிளிண்ட் ஆலைத் தரையில் பிணங்கள் கிடந்திருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டால்தான் மர்ஃபியைப் படிக்க முடியும்.

தோற்றவரை ரூஸ்வெல்ட் 1939 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஆக்கினார். ஒரே வருடம். அந்தப் பதவியில் தான் தலைமை வகித்த நீதி அமைச்சகத்துக்குள், குடிமக்கள் உரிமைப் பாதுகாப்புக்கென்று முதல் தனிப் பிரிவை அவர் தொடங்கினார். பிற்காலத்தில் அங்கே உருவான சிவில் உரிமைப் பிரிவுக்கு அதுதான் வேர். கன்சாஸ் சிட்டியை ஆட்டிவைத்த அரசியல் புள்ளி டாம் பெண்டர்காஸ்ட் வருமான வரி வழக்கில் சிறை போனதும், தீர்ப்பை விற்ற கூட்டரசு மேல்முறையீட்டு நீதிபதி மார்ட்டின் மேன்டன் தண்டிக்கப்பட்டதும் அந்த வருடம்தான்.

கொடிக்கு வணக்கம், பிறகு ஊரடங்கு

1940 ஜனவரியில் செனட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்றது. அவருக்கே தயக்கம் இருந்தது. களத்தில் வேலை செய்து பழகியவன், அங்கே என் வேலை சாதாரணமாகத்தான் இருக்கும் என்று நண்பர்களிடம் வருந்தினார். முதல் பெரிய தீர்ப்பு அந்த ஏப்ரலில் வந்தது. முன்னே சொன்ன அலபாமா மறியல் வழக்கு, தார்ன்ஹில். தொழில் தகராறில் தன் பக்கத்து உண்மையை ஊருக்குச் சொல்வது பேச்சுரிமை என்று எழுதினார். எட்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம்.

ஆனால் அதே ஜூனில் ஒரு சறுக்கல். பள்ளியில் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகளை வெளியேற்றியது சரி என்று நீதிமன்றம் சொன்னது. மர்ஃபியும் அதில் கையெழுத்திட்டார். போர் பயம் நாட்டைப் பிடித்திருந்த மாதம் அது. இரண்டு வருடம் கழித்து, 1942-இல், வேறொரு வழக்கில் அவரும் பிளாக், டக்ளஸ் என்ற இரு நீதிபதிகளும் ‘அன்று நாங்கள் தவறாக முடிவு செய்தோம் என்று இப்போது நம்புகிறோம்’ என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1943 ஜூனில் பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தன் கையெழுத்தைத் தானே தப்பு என்று சொல்வது எந்த நாட்டிலும் அரிது.

கொடி வழக்கு திருத்தப்பட்டு ஒரே வாரத்தில் ஹிராபயாஷி வழக்கு. கார்டன் ஹிராபயாஷி சியாட்டில் மாணவர், அமெரிக்காவில் பிறந்த குடிமகன். ஜப்பானிய வம்சாவளியினருக்கு மட்டும் போடப்பட்ட இரவு ஊரடங்கை மீறியதற்குத் தண்டனை. மர்ஃபி எதிர்த்து எழுதத் தொடங்கினார், வரைவும் தயாராயிற்று. போர்க்காலத்தில் நீதிமன்றம் பிளவுபடக் கூடாது என்று சக நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் வற்புறுத்தினார். மர்ஃபி இறங்கிவந்தார். எதிர்ப்பு, உடன்பாடாக மாறியது, தீர்ப்பு ஒருமனதாயிற்று. ஆனால் வரைவின் வார்த்தைகள் முழுக்க அழியவில்லை. பிறப்பையும் வம்சத்தையும் காரணம் காட்டிக் குடிமக்களின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த நாம் அனுமதிப்பது இதுவே முதல் முறை என்றார். ஜெர்மனியில் யூதர்களுக்கு நடப்பதை இது சோகமாக நினைவூட்டுகிறது என்றார். இந்த ஊரடங்கு அரசமைப்புச் சட்ட அதிகாரத்தின் விளிம்பு வரை போய்விட்டது என்றார். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கீழே, ‘உடன்படுகிறேன்’.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இத்தனை தெரிந்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று. ராணுவத்தின் மீது அவருக்கு இருந்த பற்று ஒரு காரணமாக இருக்கலாம். 1942 கோடை விடுமுறையில் ஐம்பத்திரண்டு வயதில் சீருடை மாட்டிக்கொண்டு ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் லெப்டினன்ட் கர்னலாகப் பயிற்சியில் நின்றவர் அவர். அந்தச் சீருடையின் காரணமாகவே, ஜெர்மானிய நாசவேலைக்காரர்கள் வழக்கு வந்தபோது விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். ராணுவத்தை வெறுக்கிற ஆள் அல்ல. அதனால்தான் அடுத்து அவர் எழுதியதற்குக் கனம் கூடுகிறது.

விளிம்பைத் தாண்டியபோது

ஃபிரெட் கொரமாட்சு ஓக்லண்டில் பிறந்த வெல்டர். அப்புறப்படுத்தும் ஆணைக்குக் கீழ்ப்படியாமல் வீட்டுப் பக்கமே தங்கிவிட்டார். 1942 மே மாதம் பிடிபட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது ஆறு பேர் அரசோடு நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் கொடி வழக்கில் மர்ஃபியோடு நின்ற அதே பிளாக். எதிர்த்து எழுதியவர்கள் மூவர்: ராபர்ட்ஸ், ஜாக்சன், மர்ஃபி.

மர்ஃபியின் எதிர்த் தீர்ப்பில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற வரி ஒன்று உண்டு. முன்பு விளிம்பு என்று எழுதியவர், இப்போது இது விளிம்பைத் தாண்டி இனவெறியின் அசிங்கமான பாதாளத்தில் விழுகிறது என்றார். அந்த வரி மேலே இருக்கிறது. நான் காட்ட விரும்புவது அதற்குக் கீழே இருப்பவை.

‘நேரமில்லை’ என்ற வாதத்தை அவர் நாள்காட்டியை வைத்தே உடைக்கிறார். பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய பிறகு முதல் வெளியேற்ற ஆணை வர ஏறக்குறைய நான்கு மாதம். கடைசி ஆணை வர ஏறக்குறைய எட்டு மாதம். கடைசி ஆள் உண்மையில் அப்புறப்படுத்தப்பட ஏறக்குறைய பதினொரு மாதம். அவசரத்தைவிட நிதானமும் ஓய்வும்தான் இங்கே தெரிகிறது என்கிறார். இத்தனை மாதமும் சுதந்திரமாக நடமாடிய இந்த மக்களில் உளவுக்கோ நாசவேலைக்கோ ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ராணுவத் தளபதி டிவிட் கொடுத்த அறிக்கையைப் பிரித்து வைக்கிறார்: இவர்கள் ஒட்டி வாழ்கிறார்கள், பிள்ளைகளை ஜப்பானிய மொழிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் அருகே குடியிருக்கிறார்கள். இது ராணுவ நிபுணத்துவமா, சந்தை வம்பா? பிறகு பிரிட்டனின் எண்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே பிரிட்டன் 1940 கோடையில், பிரான்ஸ் விழுந்த பதற்றத்தில், விடுவித்தவர்களிலேயே பல ஆயிரம் பேரை மொத்தமாக அள்ளி அடைத்தது. மர்ஃபியின் அடிக்குறிப்பில் அது இல்லை. ஆனாலும் அவர் கேள்வி விழுந்துவிடவில்லை. தனித்தனி விசாரணை முடியாத காரியம் அல்ல என்பதற்கு அந்த ஆறு மாதமே போதும்.

இந்தக் கேள்விகளைச் சட்டப் புத்தகம் சொல்லித் தராது. வேலையில்லாதவர்களை எண்ணிப் பதிவு செய்தவருக்கு, ஒரு நிர்வாகம் ‘முடியாது’ என்று எப்போது உண்மையில் சொல்லும், எப்போது செய்ய மனமில்லாமல் சொல்லும் என்று தெரியும். பெரும்பான்மை நீதிபதிகள் ராணுவத்தின் சொல்லுக்கு முன்னால் கைகட்டி நின்ற இடத்தில் அவர் கோப்பைக் கேட்டார்.

‘ஆகவே, இனவெறியைச் சட்டமாக்கும் இந்தத் தீர்ப்பிலிருந்து மாறுபடுகிறேன்’ என்று முடிவுப் பத்தி தொடங்குகிறது. இந்த நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் ரத்தத்தாலோ பண்பாட்டாலோ ஏதோ ஓர் அந்நிய மண்ணுக்கு உறவினர்தான் என்று போகிறது. அதே நாள் வந்த இன்னொரு தீர்ப்பில், கறுப்பின ரயில் தொழிலாளர்களைச் சேர்க்காமலே அவர்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசிய தொழிற்சங்கத்தைக் கண்டித்தும் எழுதினார். தொழிற்சங்கங்களின் நண்பர் என்று பேரெடுத்தவர்.

யமாஷிடா

1946 பிப்ரவரி 4. அமெரிக்க ராணுவ விசாரணை மன்றம் தூக்குத் தண்டனை விதித்த ஜப்பானியத் தளபதி தோமோயுகி யமாஷிடாவின் மனு. சிங்கப்பூரை 1942-இல் பிடித்தவர் இவர்தான். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் வாயிலாக இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. போர் முடிவில் பிலிப்பைன்ஸில் தலைமை தாங்கினார். 1945-இல் மணிலாவில் ஜப்பானியப் படையின் வெறியாட்டத்திலும் குண்டுவீச்சிலுமாகச் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். மர்ஃபி மூன்று வருடம் வாழ்ந்த, நேசித்த ஊர்.

அந்த ஊரை அழித்த படையின் தளபதிக்காக அவர் எதிர்த் தீர்ப்பு எழுதினார். ரட்லெட்ஜ் தவிர வேறு யாரும் துணையில்லை. இங்கேயும் கணக்குத்தான். குற்றப்பட்டியல் 64 என்று கொடுத்துவிட்டு, விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் மேலும் 59 சேர்த்தார்கள். யமாஷிடா தரப்பு வக்கீல்களுக்கு மொத்தமாக மூன்று வாரம். அவகாசம் கேட்டால் மறுப்பு. தண்டனை அறிவித்த நாள் டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் நினைவு நாள். யமாஷிடா உத்தரவிட்டார் என்றோ, தெரிந்தும் விட்டார் என்றோ குற்றச்சாட்டு சொல்லவில்லை. கட்டுப்படுத்தத் தவறினார் என்றது. அவருடைய தகவல் தொடர்பையெல்லாம் நாமே நொறுக்கிவிட்டு, ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று நாமே கேட்கிறோமே என்றார் மர்ஃபி. உரிமை போரில் ஜெயித்தவருக்கு மட்டும் சொந்தமல்ல, தோற்றவருக்கும் உண்டு, உலகின் ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு என்றார். பிப்ரவரி 23 அன்று யமாஷிடா தூக்கிலிடப்பட்டார்.

38 கடிதங்கள்

கடைசியாக எழுதியவற்றில் ஒன்று 1949 ஜூன் 27-இல் வந்த உல்ஃப் வழக்கு. போலீஸ் சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்கள் ஏற்கலாமா என்பது கேள்வி. ஏற்கலாம், தவறு செய்த போலீஸைத் தட்டிக்கேட்க வேறு வழிகள் உள்ளன என்றது பெரும்பான்மை. வேறு வழி என்றால் எது? அரசு வக்கீல் தன் ஆட்கள் மீதே வழக்குப் போடுவாரா என்று மர்ஃபி கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. 38 பெருநகரங்களின் போலீஸ் துறைக்கு விசாரணைக் கடிதம் போயிருந்தது: சோதனை விதிகளில் உங்கள் காவலர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? 26 ஊர்களிலிருந்து பதில் வந்தது. சட்டவிரோத சாட்சியத்தை நீதிமன்றம் ஒதுக்குகிற மாநிலங்களில் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது. ஏற்றுக்கொள்கிற மாநிலங்களில் பொதுவாக அப்படி இல்லை. அதைத் தீர்ப்பிலேயே எழுதினார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஊர் ஊராகப் போலீஸிடம் கேட்டு எழுதிய தீர்ப்பு! மர்ஃபியின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1961-இல் மாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உல்ஃப் தீர்ப்பைக் கைவிட்டு, அவர் சொன்ன முடிவுக்கு வந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. 1949 ஜூலை 19 அன்று டெட்ராய்ட்டில் மாரடைப்பில் இறந்தார். வயது 59. உயிர் பிரிந்த இடம் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை.

கொரமாட்சுவின் தண்டனையை 1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூட்டரசு நீதிபதி மரிலின் ஹால் படேல் ரத்து செய்தார்; போர்க்காலத்தில் அரசுத் தரப்பு நீதிமன்றத்திடம் ஆதாரங்களை மறைத்தது வெளிப்பட்டிருந்தது. 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தரச் சட்டம் போட்டது. 2018-இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், கொரமாட்சு தீர்ப்பு சொல்லப்பட்ட அன்றே மிகப் பெரிய தவறு என்று எழுதினார். சில முஸ்லிம் நாட்டவர் நுழைவதற்கு அரசு போட்ட தடையைச் செல்லும் என்று உறுதிசெய்த தீர்ப்புக்குள்தான் அந்த வரி வருகிறது.

டெட்ராய்ட்டின் குற்றவியல் நீதிமன்றம் பல பத்தாண்டுகள் ‘ஃபிராங்க் மர்ஃபி ஹால் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற கட்டடத்தில் நடந்தது. அதன் வெளியே உயரமான தூண் ஒன்றின் மேல் ஒரு பெரிய வெண்கலக் கை. அதன் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கால் ஊன்றி, அண்ணாந்து வானத்தைப் பார்க்கும் ஒரு சிறிய மனிதன். ஸ்வீடிஷ் சிற்பி கார்ல் மில்லஸ் மர்ஃபியின் நினைவாகச் செய்தது. அதற்குப் பணம் போட்டவர்கள் கார் தொழிலாளர் சங்கத்தினர், 1937-இல் ஃபிளிண்ட் ஆலைக்குள் உட்கார்ந்திருந்த அதே சங்கம்.